பக்குவம் யாருக்கு?

விஜயதசமிக் காலையில் மலேசியக் கோயில்கள் பலவற்றில் காணக்கூடிய காட்சி இது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருக்கும். அப்பாவின் மடியில் குழந்தை. குருக்கள் அந்தச் சின்ன விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை இழுப்பார். சில குழந்தைகள் அழும், சில குழந்தைகள் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். யாரும் கவலைப்படுவதில்லை. ஏடு தொடங்கியாயிற்று, அவ்வளவுதான்.

அதே குழந்தை சில ஆண்டுகளில் முதலாம் ஆண்டு வகுப்புக்கு வரும்போது வரவேற்பு வேறு மாதிரி இருக்கும். பெயர் எழுதத் தெரியுமா? பென்சிலை ஒழுங்காகப் பிடிப்பானா? கழிவறைக்குத் தானாகப் போவானா? மலாய் கொஞ்சமாவது புரியுமா? கோயிலில் யாருக்கும் தோன்றாத சந்தேகம் பள்ளி வாசலில் முதல் கேள்வியாகிவிடுகிறது: பிள்ளை தயாரா?

கேட்பவர்கள் அதே அப்பா அம்மாக்களும் அதே ஊர் ஆசிரியர்களும்தான். ஆகவே இதைப் பாடத்திட்டக் கேள்வியாக மட்டும் வைத்துப் பேசினால் பாதிதான் பேசியதாகும். பள்ளிக்குத் தயாராக இருப்பது என்று சொல்கிறோமே, அந்தத் தயார்நிலை எங்கே இருக்கிறது? குழந்தைக்குள்ளேயா, அந்தக் குழந்தையை எதிர்கொள்ளும் பெரியவருக்குள்ளேயா?

பழமொழிகளைக் கேட்டால் பதில் உடனே வந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள் தமிழர்கள். மூங்கிலைக் குருத்திலேயே வளைத்துவிட வேண்டும் என்பார்கள் மலாய்க்காரர்கள். உலக வங்கி 2024 ஏப்ரலில் மலேசியாவைப் பற்றி வெளியிட்ட பொருளாதார அறிக்கை இந்த மூங்கில் குருத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டது. ஐந்தாம் ஆண்டு முடியும் வேளையில் மலேசிய மாணவர்களில் 42 விழுக்காட்டினர் வாசிப்பில் எட்ட வேண்டிய நிலையை எட்டவில்லை என்றது அந்த அறிக்கை. அடித்தளம் பாலர் பள்ளி வயதிலேயே ஆட்டம் காண்கிறது என்பது அதன் வாதம். வாதம் சரிதான். ஆனால் இரண்டு பழமொழியிலும் வளைய வேண்டியது குழந்தை மட்டுமே. வளைக்கிற கை எப்படிப்பட்டது என்பதைப் பற்றி இரண்டுக்கும் அக்கறை இல்லை.

அந்தக் கையைப் பற்றிப் பேச ஜொகூரின் கோத்தா திங்கி நல்ல இடம். ஜொகூர் பாருவிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஜொகூர் ஆற்றங்கரையில் இருக்கிறது பட்டணம். மாவட்டமோ மாநிலத்திலேயே பெரியது. ஃபெல்டா நிலக் குடியேற்றங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, தென்கிழக்கு மூலையில் பெங்கெராங் எண்ணெய் ஆலைகள். பட்டணத்தில் ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ரெம் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்றவை இன்னும் தோட்டத்தின் பெயரையே சுமந்துகொண்டிருக்கின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த ஊர் இது. வீட்டுச் சாமான்களோடு பள்ளிப் பையும் ஆற்றோடு போனதைப் பார்த்த தலைமுறை இன்று பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்துக் காலத்தில் பாலர் பள்ளிக்கு முன்னோடியாக இருந்தது ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்குப் போக வேண்டிய தாய்மார்கள் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு ரப்பர் மரம் சீவப் போவார்கள். வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகள், ஒரு பால் வாளி, ஓர் ஆயா. அந்த ஆயாவுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை, குழந்தை தயாரா என்று அவரும் யாரையும் கேட்டதில்லை. அதை இன்று பொற்காலமாக்கிப் பேசுவது தவறு. பிள்ளை பிழைத்திருந்தால் போதும் என்ற ஏற்பாடு அது. ஆனால் 1907 ஜனவரியில் ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லமும் இதே தேவையிலிருந்துதான் பிறந்தது. உழைக்கப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பகலில் குடியிருப்புக் கட்டடத்தைப் பாழாக்காமல் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அங்கே கூர்ந்து பார்க்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். தோட்டத்துக் கொட்டகைக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

இன்றைய நிலைமை நிச்சயமாக மேல். 1996 கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸ், ஒற்றுமைத் துறை, கல்வி அமைச்சின் பள்ளி இணைப்பு வகுப்புகள், தனியார் நிலையங்கள் என்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. பள்ளியோடு இணைந்த வகுப்பில் அதிகம் போனால் 25 குழந்தைகள், ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் நிர்வாக உதவியாளர். தனியார் நிலையங்களில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு குறுகிய பயிற்சி பெற்று வகுப்புக்கு வந்தவர்களும் உண்டு. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர் எல்லாரும் குறைந்தது டிப்ளோமா பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

2017ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தின் ஆறு தூண்களில் ஒன்றாக ஆன்மிகமும் மனப்பான்மையும் நன்மதிப்பும் இடம்பெற்றன. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. 1988இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவமும் அறிவு, ஆன்மிகம், உணர்ச்சி, உடல் நான்கும் சேர்ந்து வளர்வதையே கல்வி என்கிறது. ஆக, நாலு வயதுக் குழந்தையின் ஆன்மா அரசாங்கக் கோப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அந்தக் குழந்தையின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் ஆன்மாவைப் பற்றி எந்தக் கோப்பும் பேசுவதாகத் தெரியவில்லை.

சைவ சித்தாந்தம் பேசுகிறது. அதுவும் பக்குவத்தைப் பற்றியே நிறையப் பேசுகிறது.

உயிரை ஆணவ மலம் என்ற அழுக்கு மறைத்துக்கொண்டிருக்கிறது. மலம் பரிபாகம் அடையும்போது, அதாவது பழுக்கும்போது, அருள் பதிகிறது, குரு வருகிறார். மேலோட்டமாகப் படித்தால் இது காத்திருப்புத் தத்துவம். குழந்தை பழுக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் ஆர்னால்ட் கெசல் ஏறக்குறைய இந்தத் தொனியில்தான் சொன்னார். வளர்ச்சிக்கு உள்ளேயே ஒரு கால அட்டவணை இருக்கிறது, அதை முந்த முடியாது என்றார். 'இன்னும் பக்குவம் வரலே, அடுத்த வருஷம் பாப்போம்' என்று சொல்லும் எந்தப் பாட்டியும் கெசலைப் படித்தவரல்ல. ஆனாலும் இருவரும் ஒரே கட்சி.

சித்தாந்தம் அங்கே நிற்பதில்லை. மலம் தானாகப் பழுக்காது என்பது அதன் துணிபு. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. திரோதான சக்தி என்று அதற்குப் பெயர். அது உயிருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், உலக அனுபவங்களில் அதை ஈடுபடுத்தி, மலத்தைப் பழுக்க வைக்கிறது. உதவி பக்குவத்துக்குப் பின்னால் வருவதில்லை, முன்னாலேயே வந்து வேலை செய்துகொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். நல்ல பாலர் பள்ளி வகுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குழந்தை கடை வைத்து விளையாடுகிறது. ஐந்து வெள்ளிக்கு மூன்று மாம்பழம் விற்கிறது. தான் எண் படிப்பதாக அதற்குத் தெரியாது. இன்று துணையோடு செய்வதை நாளை தனியாகச் செய்யும் இடைவெளியைப் பற்றி எழுதிய ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கிக்குத் திரோதானம் என்ற சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் பயன்படுத்தியிருப்பார்.

இதே சித்தாந்த மரபில் ஒரு கதை உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கடினம்.

13ஆம் நூற்றாண்டு. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. குலகுருவான சகலாகம பண்டிதர் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திக் குறி பார்க்க, திருவெண்காட்டுப் பதிகம் வருகிறது. அங்கே போய் வழிபட்டு ஒரு மகனைப் பெறுகிறார்கள். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளரும் அந்தக் குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்து மெய்கண்டார் என்று பெயர் சூட்டுகிறார். நேற்றுப் பிறந்த பிள்ளை பாடம் சொல்கிறது, பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்ற செய்தி பண்டிதர் காதுக்குப் போகிறது. தான் கயிறு சாத்திப் பிறந்த பிள்ளை! அவருடைய மாணவர்களில் சிலரும் அங்கே போய்விட்டார்களாம். பண்டிதர் கிளம்பிப் போகிறார். பாடம் நடந்துகொண்டிருக்கிறது, தன்னை யாரும் கவனிக்கவில்லை. நின்றபடியே கேட்கிறார்: ஆணவத்தின் வடிவம் என்ன? குழந்தை வாய் திறக்கவில்லை. அவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தது. நீர் நிற்கும் நிலைதான் அதன் வடிவம் என்பதே அந்தப் பார்வையின் பொருள். பண்டிதர் விழுந்து வணங்கினார். அருணந்தி சிவாசாரியர் என்று அறியப்பட்டது அதற்குப் பிறகுதான்.

இதைப் புராணம் என்று ஒதுக்குபவர்கள் ஒதுக்கலாம். கதையின் அமைப்பு முக்கியம். பக்குவம் தேவைப்பட்டது குழந்தைக்கு அல்ல, ஆகமம் அத்தனையும் கரைத்துக் குடித்த ஆசிரியருக்கு. கூடுதலாக அவருக்கு எதுவும் கற்பிக்கப்படவில்லை. இருந்த ஒன்று அவர் கண்ணுக்கே காட்டப்பட்டது.

இதையே வேறொரு மரபிலிருந்து சொன்னவர் மாண்டிசோரி. அவர் கத்தோலிக்கர். 1936இல் வெளிவந்த 'குழந்தைப் பருவ இரகசியம்' என்ற நூலில் ஆசிரியரின் ஆன்மிகத் தயாரிப்புக்கென்றே ஒரு பகுதி எழுதினார். ஆசிரியர் முதலில் தன்னிடமுள்ள கோபத்தையும் செருக்கையும் கண்டுபிடித்து அகற்ற வேண்டும், முறைகளெல்லாம் அதற்குப் பிறகு என்பது அவர் கருத்து. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடையாற்றிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் ஒரு பகல் தூரம்தான். அருணந்தியின் கதையை யாராவது அவருக்குச் சொன்னார்களோ இல்லையோ, அவரும் அந்தக் கதையும் கை வைத்த இடம் ஒன்றே.

செருக்கு என்றதும் பிரம்பைத் தூக்கும் ஆசிரியரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலர் பள்ளியில் அது மென்மையான குரலில் வரும். ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் பட அட்டையைக் காட்டுகிறார். "இது என்ன?" ஐந்து வயதுப் பிள்ளை "இக்கான்" என்கிறது, மலாயில். "தப்பு. மீன். சொல்லு, மீன்." "மீன்." "கெட்டிக்காரி!" அட்டை மாறுகிறது. யாருக்கும் காயமில்லை, பாராட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளை வாய் மூடியாயிற்று.

இன்னொரு ஆசிரியர் இப்படிக் கேட்கலாம். "ஆமா, மீனு. எங்கம்மா பாத்தே?" "பாசார்ல." "அங்க என்ன பண்ணுச்சு?" பிள்ளை யோசிக்கிறது. ஆசிரியர் குறுக்கே பேசாமல் காத்திருக்கிறார். "தூங்குச்சு, டீச்சர். கண்ணைத் தொறந்துகிட்டே தூங்குச்சு." இந்த ஒரு வாக்கியத்தில் கவனிப்பு இருக்கிறது, வினைச்சொல் இருக்கிறது, மீனுக்கு இமை உண்டா என்ற அடுத்த நாள் பாடமும் இருக்கிறது. இரண்டாம் ஆசிரியருக்குக் கூடுதலாகத் தெரிந்த பாடம் எதுவுமில்லை. பதில் தன்னிடம்தான் இருக்கிறது என்ற எண்ணத்தைச் சில நொடி தள்ளிவைத்தார், அவ்வளவே.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பியாண்டாவும் குழுவினரும் அந்தச் சில நொடிகளையே கருவியாக்கினார்கள். ஆசிரியர் தன் வகுப்பைப் படம் பிடித்து அனுப்புவார். பயிற்றுநர் அதிலிருந்து சிறு துண்டுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, இங்கே பிள்ளை என்ன செய்ய முயன்றது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்துத் திரையில் வரிகளை ஓட்டும் பட்டறையைவிட இது பலன் தருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பார்வைக்குக் கேமரா கிடைத்தால் இப்படித்தான் இருக்கும். மலேசியாவிலும் மாவட்டக் கல்வி இலாகா வழியாகப் பள்ளிக்கே போய் வகுப்பறையில் உடனிருந்து வழிகாட்டும் சிறப்புப் பயிற்றுநர்கள், பெருந்திட்டக் காலத்தில் முழுநேரப் பணிக்கு அமர்த்தப்பட்டார்கள். திசை சரியானது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. சீலே நாட்டின் சாந்தியாகோவில் 64 பள்ளிகளில் பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2015இல் வந்தன. ஆசிரியர்கள் மாறியிருந்தார்கள். வகுப்பறையில் கனிவு கூடியிருந்தது, ஒழுங்கு கூடியிருந்தது. பிள்ளைகளின் மொழி, எழுத்தறிவு மதிப்பெண்ணோ சராசரியாகப் பார்த்தால் அசையவில்லை. ஆசிரியரின் உள்ளம் கனிந்தால் போதும், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்று நம்பும் ஆன்மிகவாதிகளுக்கு இது கசப்பான செய்தி. கனிவும் வேண்டும், கனிந்தவர் அந்த நேரத்தில் சொல்லும் சொல்லும் வேண்டும். மீன் அட்டையைப் பார்த்துப் புன்னகைப்பது மட்டும் பாடமாகிவிடாது.

கானாவிலிருந்து வந்தது இன்னும் விசித்திரமான செய்தி. அக்ரா வட்டாரத்தில் 240 பள்ளிகள், 2015–16 கல்வியாண்டு. ஆசிரியர்களுக்கு விளையாட்டு வழிக் கற்பித்தலில் குறுகிய பயிற்சியும் வகுப்பறை வழிகாட்டலும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பள்ளித் தயார்நிலை உயர்ந்தது. வேறு சில பள்ளிகளில் அதே பயிற்சியோடு பெற்றோருக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். அங்கே பலன் மறைந்துவிட்டது. பெற்றோரைச் சேர்த்தால் பலன் கூடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒரு விளக்கம் இப்படிப் போகிறது: விளையாட்டாகக் கற்பிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சில பெற்றோருக்கு ஒப்பவில்லை. கோத்தா திங்கியிலும் இதை நம்புவதற்குக் கஷ்டமில்லை. 'என்ன டீச்சர், புஸ்தகம் காலியாவே இருக்கு, ஒரு பக்கங்கூட எழுதலியே' என்ற குரலைக் கேட்காத பாலர் பள்ளி ஆசிரியர் தமிழ் உலகில் எங்கே இருக்கிறார்? பரிபாகம் வேண்டியவர்களின் பட்டியல் இப்படி நீள்கிறது.

ஆசிரியரிடம் செருக்கை விடு என்று சொல்வதில் ஓர் அநியாயமும் ஒளிந்திருக்கிறது. பாலர் பள்ளி வேலையைச் சேவை, தொண்டு, தாய்மை என்று நம் சமூகம் புகழத் தொடங்கினால் சம்பளப் பேச்சு நின்றுபோகும். 20 பிள்ளைகளுக்குச் சோறூட்டி, மூக்குத் துடைத்து, பதிவேடு எழுதி, இடையில் பாடமும் நடத்துபவரிடம் ஆணவம் கரையட்டும் என்பது எளிது. தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளில் செய்த ஆய்வு இதற்கு வேறு வழி காட்டியது. கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் ஒரு பகுதி மையங்களில் பாலர் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள், பழைய பணியாளருக்குக் கை ஒழிந்ததில் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பொறுமை பல நேரங்களில் குணமாக இருப்பதில்லை, ஆள் பலமாக இருக்கிறது. மீன் எங்கே தூங்கியது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க, பின்னால் அழும் குழந்தையைத் தூக்க இன்னொருவர் வேண்டும். இணைப்பு வகுப்பில் உதவியாளர் இருப்பதன் அருமை இதுதான். தனியார் நிலையங்களில் அந்த இரண்டாம் ஆளைத்தான் செலவு என்று முதலில் வெட்டத் தோன்றும்.

ஆள் பலம் வந்தபின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு: தலையெழுத்து. நன்னூல் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டாகப் பிரித்தது. அதை எழுதிய பவணந்தி முனிவர் மனத்தில் இருந்தவர்கள் இலக்கணம் படிக்க வந்த வளர்ந்த மாணவர்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டங்களை ஐந்து வயதுக்கு இறக்கியது பின்னால் வந்தவர்கள். 'இவனுக்குப் படிப்பு ஏறாது', 'அந்தக் குடும்பமே அப்படித்தான்', 'தோட்டத்துப் பிள்ளை, இவ்வளவுதான் வரும்.' இப்படிச் சொல்பவர் தம்மை அனுபவசாலி என்றே நினைக்கிறார். பிரமன் எழுதிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்பதைவிடப் பெரிய உரிமைகோரல் வேறென்ன? கன்மக் கொள்கையை ஏற்கும் சைவமேகூட, ஓர் உயிரின் வினை இவ்வளவு என்று இன்னோர் உயிர் கணக்குச் சொல்ல அதிகாரம் கொடுக்கவில்லை.

பணித்திறன் மேம்பாட்டுக்கு அழைக்கப்படும் மூத்த ஆசிரியர்கள் பலருக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. இருபது ஆண்டு வகுப்பு நடத்தியவரை, நேற்று டிப்ளோமா முடித்த பெண் உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறாள், இத்தனை நாள் செய்ததெல்லாம் தப்பா என்ற வருத்தம். அருணந்தியின் கதையை இங்கே முழுசாகச் சொல்ல வேண்டும், வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தக் கூடாது. மெய்கண்டாரின் சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரம். அதை விரித்துச் சிவஞான சித்தியார் எழுதியவர் அதே அருணந்திதான். அதன் பரபக்கத்தில் பிற சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாதிட அவருக்குக் கைகொடுத்தது, அந்தச் சிறு பிள்ளையின் முன்னால் விழுவதற்கு முன்பே அவர் கற்றிருந்த கல்வி. தாலாட்டும் விடுகதையும் தெரிந்த, ஆயாக் கொட்டகையில் வளர்ந்த ஆசிரியர்கள் கோத்தா திங்கியில் இன்னும் வகுப்பெடுத்தால், அவர்களுக்கான பயிற்சி அவர்களிடம் இருப்பதைக் கேட்டு வாங்குவதிலிருந்து தொடங்கலாம். அதற்கு அவர்களைச் சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்கு வரவழைக்கத் தேவையில்லை, பயிற்றுநர் 40 கிலோமீட்டர் வந்து வகுப்பின் ஓரத்தில் சின்ன நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.